இடது பக்கம் படுத்து நடத்திய நூலகம்

“நஞ்சுக்கொடி கீழ எறங்கி இருக்குதுங்க. இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்துக்கோணும். பாத்ரூமுக்கு மட்டும் எந்திரிக்கலாம். உக்காரக்கூட வேண்டாம். முப்பத்தாறு வாரம் தாண்டட்டும், நானே எடுத்துக் கையில குடுத்தர்றேன்” என்றார் டாக்டரம்மா.

அப்போது எனக்கு இருபத்தாறு வாரம். பத்து வாரம் படுத்துக் கிடக்க வேண்டும் என்று புரிந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கு முந்தைய ஏழெட்டு வருடத்தில் நான் சேர்ந்தாற்போலப் பத்து நிமிடம் உட்கார்ந்ததாகவே நினைவில்லை. இதில் படுப்பதாம்.

திருப்பூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். எங்கோ வெளிநாட்டில் துணி வாங்கும் ஒரு பையர் மனதில் ஒரு டி-ஷர்ட்டை நினைத்துக்கொள்வார். அது இங்கே துணியாகி, சாயம் ஏறி, பிரிண்ட் ஆகி, தைத்து, மடித்துப் பெட்டிக்குள் போகும்வரை எல்லோரையும் விரட்டிக்கொண்டே இருப்பதுதான் என் வேலை. காலையில் மங்கலம் ரோட்டில் நிற்பேன், மத்தியானம் அவிநாசி ரோட்டில் நிற்பேன். என் ஸ்கூட்டி சத்தம் கேட்டாலே பிரிண்டிங் யூனிட்டில் டீ குடிப்பவர்கள் தம்ளரைக் கீழே வைத்துவிடுவார்கள் என்று என் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஆனால் டாக்டரம்மா அறையிலிருந்து வெளியே வந்தபோது அந்தச் சிரிப்பு போய்விட்டது. இது இரண்டாவது. முதலாவது ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோனது. அன்றைக்கு ஒரு ஷிப்மெண்டுக்குக் கடைசி இன்ஸ்பெக்ஷன். மூன்றாம் மாடிக்கு எத்தனை தடவை ஏறி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. அதனால்தான் போயிற்று என்று நான் முடிவு கட்டிவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை, யாரையும் சொல்லவும் விடவில்லை. அந்தப் பேச்சை யாராவது எடுத்தால் எழுந்து போய்விடுவேன். எனவே இந்தத் தடவை, செத்தாலும் எழுந்திருப்பதில்லை என்று ஆட்டோவில் வரும்போதே சபதம் போட்டுக்கொண்டேன். என் சபதம் மூன்று நாள் தாங்கியது.

நாலாம் நாள் படுத்தபடியே போனில் கம்பெனியை நடத்த ஆரம்பித்தேன். சாயப்பட்டறைக்காரரிடம் கத்தினேன், பட்டன் கொடுப்பவரிடம் கத்தினேன். கத்தும்போது என்னை அறியாமல் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். பொங்கலூரிலிருந்து என்னைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த என் அம்மா, கையில் கரண்டியோடு ஓடி வருவார்.

“ஏங் கண்ணு, மறுபடியும் உக்காந்துட்டயா? படு சாமி, படு.”

அந்த வார முடிவில் என் கணவர் போனைப் பிடுங்கிக்கொண்டார். அவர் நெல்லைப் பக்கத்துக்காரர். எங்கள் கம்பெனியிலேயே கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தார். சர்வர் படுத்துவிட்டால்கூடக் குரல் உயர்த்தாத மனுசன். அவரைப் பார்த்து எனக்கு எரிச்சல் வந்ததும் உண்டு, அதற்காகவே கட்டிக்கொண்டதும் உண்டு.

போன் போனபின் டிவி. அது இரண்டாயிரத்து எட்டு ஒன்பது வாக்கில். பகலில் கரண்ட் எப்போது நிற்கும், எப்போது வரும் என்று கேட்பதையே ஊரில் விட்டிருந்தார்கள். சீரியலில் ஒருத்தி ஓங்கிய கை இறங்குவதற்குள் டிவி அணைந்துவிடும். சரி, புத்தகம் படிக்கலாம் என்றால் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு தடித்த புத்தகத்தை ஒரு கையால் பிடித்துப் பாருங்கள். இடது பக்கத்தைப் படித்தால் வலது பக்கம் முகத்தில் விழும். வாடகை நூலகத்திலிருந்து அவர் கொண்டுவந்த அறுநூறு பக்கப் புத்தகம் ஒன்று கைதவறி என் மூக்கில் விழுந்து மூக்குத்திப் பக்கம் ரத்தம் கட்டிவிட்டது. “புஸ்தகம் படிச்சு அடிபட்டவள இப்பத்தான் பாக்கறேன்” என்று அம்மா மஞ்சள் அரைத்துப் போட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் கருவி வந்தது. எங்கள் பையரின் ஆள் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தார். அவருடைய லேப்டாப் மக்கர் செய்ததை என் கணவர் சரிசெய்து கொடுத்தார். அந்தச் சந்தோஷத்தில் அவர் தன்னுடைய பழைய மின்நூல் கருவியை, தான் புதிதாக ஒன்று வாங்கிவிட்டதாகச் சொல்லி, இவரிடம் கொடுத்துவிட்டார். ஒரு நோட்டுப் புத்தகத்தைவிடச் சின்னது, கனமே இல்லை. கண்ணைக் கூசாத சாம்பல் திரை. ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் ஒரு வாரத்துக்குக் கரண்டைப் பற்றிக் கவலையில்லை. ஒரு கையால் பிடித்து, கட்டைவிரலால் பக்கத்தைத் திருப்பலாம்.

“இதென்ன சிலேட்டா?” என்றார் அம்மா. கடைசிவரை அது எங்கள் வீட்டில் சிலேட்டுத்தான்.

சிலேட்டுக்குள் இருந்தவை எல்லாம் ஆங்கில நாவல்கள். நான் நாளெல்லாம் ஆங்கிலத்தில் மெயில் அடிப்பவள்தான். ஆனால் அது துணி ஆங்கிலம். அதில் யாரும் காதலிக்க மாட்டார்கள், கொலை செய்ய மாட்டார்கள். எனக்குத் தமிழில் வேண்டும் என்றேன். தமிழில் என்னவெல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது என்று இவர் தேடினார். உரிமை முடிந்த பழைய கதைகளை யார் யாரோ புண்ணியவான்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்து போட்டிருந்தார்கள். அவற்றைக் கருவிக்கேற்றபடி மாற்றவும், அடுக்கி வைக்கவும், கருவிக்குள் அனுப்பவும் ஒரு நூலக மென்பொருளையும் பிடித்தார். அதுவும் இலவசம்தான்.

முதல் புத்தகத்தை மாற்றி, ஆசையோடு என் கையில் கொடுத்தார். திறந்தேன். பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாக இருந்தது. ஒரு எழுத்துகூட இல்லை.

“ஏனுங்க, செக்டு சட்டைக்குத் துணி காட்டறீங்களா?” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கருவியை வாங்கிக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்து மறுபடி கொண்டுவந்தார். இப்போது எழுத்து இருந்தது. ஆனால் கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடமாக, கால் பிரிந்து போய்க் கிடந்தது. நான் தலையணைக்குக் கீழே வைத்திருந்த நோட்டை எடுத்து எழுதினேன்: “எழுத்து சரியில்லை. நாட் அப்ரூவ்டு. திருத்தி மறுபடி அனுப்பவும்.” கீழே கையெழுத்தும் போட்டேன்.

அதைப் படித்ததும்தான் அவர் முகம் மலர்ந்தது. எங்கள் கம்பெனி மெயில்களை எல்லாம் அவர் சர்வரில் பார்ப்பவர் அல்லவா. சாம்பிள் தைத்து அனுப்பினால் பையர் இப்படித்தான் குற்றம் கண்டுபிடித்து எழுதுவார், நாங்கள் திருத்தித் திருத்தி அனுப்புவோம். “நோட்டட் மேடம். வில் ரிவைஸ்” என்று விறைப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாவது சாம்பிளில் எழுத்தெல்லாம் சரி. ஆனால் பெரிய தாளின் பக்கத்தை அப்படியே சின்னத் திரைக்குச் சுருக்கியிருந்ததால் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. “எக்ஸெல் சைஸ் பேட்டர்னைக் குழந்தை சைஸில் தைத்திருக்கிறீர்கள்” என்று எழுதினேன். நாலாவதில், கதையைக் கம்ப்யூட்டரில் போட்டு, திரையின் அளவுக்கே பக்கத்தை வெட்டி, எழுத்தைப் பெரிதாக்கி, அப்புறம் மாற்றியிருந்தார். படிக்க முடிந்தது. ஆனால் நாலு பக்கமும் ஓரத்தில் இடம் வீணாகக் கிடந்தது. “ஓரத்தைக் குறைக்கவும், வரிக்கு வரி இடைவெளி கொஞ்சம் கூட்டவும், மற்றதெல்லாம் ஓகே” என்றேன். ஐந்தாவது சாம்பிளைத் திறந்ததும் நான் ஒன்றும் சொல்லாமல் படிக்க ஆரம்பித்துவிட்டேன். அவர் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்திருக்கிறார். பத்துப் பக்கம் போனபின்தான் கவனித்தேன்.

“என்ன புள்ள, ஒண்ணுஞ் சொல்லலியே?”

“ஓகே ஃபார் பல்க்” என்றேன். சாம்பிள் பிடித்துவிட்டால், இனி மொத்தமாகத் தைக்கலாம் என்று பையர் எழுதும் வார்த்தை அது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் புரொடக்ஷன் நாளாகிவிட்டது. காலையில் இட்லித் தட்டோடு உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் அறுபது எழுபது புத்தகம் இறக்குவார். ஒவ்வொன்றையும் முழுக்கப் படித்துப் பார்க்க முடியுமா? முதல் பக்கம், நடுப் பக்கம் ஒன்று, கடைசிப் பக்கம், இந்த மூன்றை மட்டும் பார்ப்பார். பெட்டிக்கு நாலு பீஸ் எடுத்துப் பார்த்துவிட்டு ஷிப்மெண்டை அனுப்புகிற அதே வழி. நான் ஒரு நாளைக்கு ஒரு புத்தகம் என்று தின்று தீர்த்தேன். பேய்க் கதை, கொலைக் கதை, ராஜா ராணிக் கதை, மாமியார் கொடுமை, எது வந்தாலும் சரி. கதை மும்முரத்தில் எழுந்து உட்கார வேண்டும் என்ற நினைப்பே வராது. அம்மா வந்து எட்டிப் பார்ப்பார்; நான் இடது பக்கமாகக் கிடப்பதைப் பார்த்ததும், “அந்தச் சிலேட்டுக்கு ஒரு கும்புடு போடோணும்” என்று முணுமுணுத்துக்கொண்டே சமையலறைக்குப் போவார்.

முப்பத்திரண்டாவது வாரம் நெருங்கும்போது நூலகத்தில் இருநூறு புத்தகத்துக்கு மேல் சேர்ந்துவிட்டது. இவருக்கு ஆபீசில் வேலை நெருக்கடி. அதனால் லேப்டாப்பை என் பக்கத்தில் ஒரு தலையணைமேல் வைத்து, நூலகத்தை நீயே பார்த்துக்கொள் என்று கொடுத்துவிட்டார். எனக்கு ஒரு வேலை கிடைத்தது! அந்த மென்பொருளில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் அட்டைப்படம் ஒட்டலாம், எழுதியவர் பெயர் போடலாம், நட்சத்திரம் கொடுக்கலாம், அடையாளச் சொற்கள் சேர்க்கலாம். படுத்தபடி ஒரு கையால் எல்லாம் செய்தேன். “அழுகை”, “கொலை”, “நடுவில் இழுவை”, “அம்மாவுக்குச் சொல்லலாம்”, “மாமியாருக்குக் காட்டக்கூடாது” என்றெல்லாம் அடையாளம் போட்டேன். பொறுக்கியெடுத்தால் அந்தந்த ரகம் மட்டும் வரிசையில் வந்து நிற்கும். எனக்கு அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருக்கும்.

ஒன்று மட்டும் சொல்லியிருந்தார். “மேல என்ன வேணும்னாலும் செய்யி. உள்ள இருக்க ஃபோல்டரை மட்டும் தொட்டுராத, என்னா? அது அந்த சாஃப்ட்வேர் தனக்குன்னு வச்சிருக்க எடம்.” நானும் சரி என்றேன். என்னிடம் தொடாதே என்று சொல்லி நான் சரி என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு அதற்குள் தெரிந்திருக்க வேண்டும்.

முப்பத்து மூன்றாவது வாரத்தில் ஒரு புதன்கிழமை. பொங்கலூரில் நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம். போகாவிட்டால் நன்றாக இருக்காது என்று அம்மா கிளம்பினார். தண்ணீர், மத்தியானச் சோறு, தயிர் எல்லாம் கைக்கெட்டுகிற தூரத்தில் வைத்து, “பொழுது சாயறதுக்குள்ள வந்தர்றேன் கண்ணு, அசையாமப் படுத்திரு” என்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனார். இவர் ஆபீஸ் போய்விட்டார்.

நான் ஏதோ ஒரு கோப்பைத் தேடப்போய் அந்த உள் ஃபோல்டரைத் திறந்துவிட்டேன். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தமிழ்ப் பெயர்களை எல்லாம் ஆங்கில எழுத்தில் உடைத்துப் போட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு எண். எழுதியவருக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் புத்தகத்துக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் ஒரே பெயரில் இரண்டு கோப்பு, கூடவே ஒரு படம், ஒரு விவரச் சீட்டு. இப்படியா ஒரு ஆர்டர் ஃபைலை வைப்பார்கள்? புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் யாராவது இப்படி வைத்திருந்தால் அன்றைக்கே அவளை அழவிட்டிருப்பேன். மேலே பார்க்க அவ்வளவு அழகாக இருந்த நூலகத்துக்கு உள்ளே இந்த லட்சணம்!

இவர் வருவதற்குள் சரிசெய்து அசத்திவிடலாம் என்று ஆரம்பித்தேன். படுத்துக்கொண்டு ஒரு கையால் இருநூறு ஃபோல்டருக்குப் பெயர் மாற்ற முடியாது. எழுந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம்தானே என்று நினைத்தது நினைவிருக்கிறது. அன்றைக்குப் பார்த்துக் கரண்டும் நிற்கவே இல்லை.

முதலில் சிலேட்டைக் காலி செய்தேன், புது வரிசையில் மறுபடி ஏற்றுவதற்காக. பிறகு ஃபோல்டர் எல்லாவற்றையும் கலைத்து, எங்கள் ஆபீஸ் வழக்கப்படி ரகம் பிரித்து, அதற்குள் தலைப்பு வாரியாக அடுக்கினேன். இரட்டைக் கோப்புகளுக்கு வந்தேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சட்டை ஷிப்மெண்ட் ஆகிவிட்டால், பையர் கையெழுத்துப் போட்டு சீல் வைத்த அந்த ஒரே ஒரு ஒரிஜினல் பீஸ் மட்டும்தான் ஃபைலோடு இருக்கும். அதைப் பார்த்துத் தைத்த மற்ற சாம்பிள்களை எல்லாம் மூட்டை கட்டி வெளியே தள்ளிவிடுவோம். கை அந்த வழக்கத்திலேயே போயிற்று. இணையத்திலிருந்து வந்த ஒரிஜினலை வைத்துக்கொண்டேன். அதைப் பார்த்துச் செய்த நகல் என்று மற்றதை அழித்தேன். இருநூறையும் அழித்தேன். சுத்தம் என்றால் முழுச் சுத்தமாக இருக்க வேண்டும் என்று கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். நான் அப்படிப்பட்ட ஆள்.

அந்த நகல்தான் இவர் ஞாயிறு ஞாயிறாக உட்கார்ந்து வெட்டி, பெரிதாக்கி, ஓரம் குறைத்து மாற்றிய புத்தகம் என்பது மென்பொருளைத் திறந்தபோதுதான் உறைத்தது. அட்டைப்படங்கள் எல்லாம் வெளிறிப்போய் இருந்தன. எதைத் தொட்டாலும் கோப்பைக் காணோம் என்றது. காணாமல் போனவற்றைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடவா என்று கேட்டது. கேள்வி கேட்டால் சரி என்று அமுக்குகிற கை இது, அமுக்கிவிட்டேன். நூலகம் வெள்ளைத்தாளாக நின்றது. கடிகாரத்தைப் பார்த்தேன். மணி நாலு. நான் பதினொரு மணிக்கு உட்கார்ந்தவள்.

சோறு வைத்தபடியே இருந்தது. இடுப்பு விண்ணென்று தெறித்தது. மெதுவாக எழுந்து பாத்ரூம் போனேன். அங்கே ரத்தத்தைப் பார்த்தேன்.

அந்த நிமிடத்தைப் பற்றி அதிகம் எழுத எனக்கு இஷ்டமில்லை. புத்தகம், நூலகம், ஒன்றும் நினைவில் இல்லை. மறுபடியும் நானே கெடுத்துக்கொண்டேன் என்ற ஒன்றுதான் திரும்பத் திரும்ப வந்தது. இவர் கொடுத்துவிட்டுப் போயிருந்த பழைய போனில் கூப்பிட்டேன். கம்பெனி வேனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அதே வேளைக்குக் கல்யாண வீட்டிலிருந்து அம்மாவும் வந்து இறங்கினார். எப்போதும் என்னைத் திட்டித் தீர்ப்பவர், ஆஸ்பத்திரி போகும்வரை திட்டாமல் என் காலைத் தடவிக்கொண்டே வந்தார். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஸ்கேன் அறையில் டாக்டரம்மா கருவியை வயிற்றில் வைத்தார். டப்டப் என்று குதிரை ஓடுவதுபோலச் சத்தம் கேட்டது. “துடிப்பு நல்லா இருக்குதுங்க” என்றார். அப்புறம்தான் திட்ட ஆரம்பித்தார். எத்தனை மணி நேரம் உட்கார்ந்தேன் என்பதை என் வாயாலேயே சொல்லவைத்துத் திட்டினார். நான் பிரிண்டிங் யூனிட்டில் திட்டுவதெல்லாம் அதற்குமுன் ஒன்றுமே இல்லை. ரத்தம் நின்றது. குழந்தையின் நுரையீரலுக்கென்று ஊசி போட்டார்கள். “இனி உங்கள ஊட்டுக்கு அனுப்பறதா இல்லீங்க. பொறக்கற வரைக்கும் இங்கயேதான். லேப்டாப் கீப்டாப் எதுவும் இவங்க கைக்குப் போகக்கூடாது” என்று நர்ஸிடம் சொல்லிவிட்டுப் போனார்.

எல்லோரும் வெளியே போனபின் இவர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“புஸ்தகம் பூராவும் போயிருச்சுங்க” என்றேன்.

“எந்தப் புஸ்தகம்?”

“எல்லாந்தான். நீங்க மாத்துனது பூராவும். நாந்தான் நகல்னு நெனச்சு அழிச்சுப் போட்டேன்.”

“ஒரிஜினல் இருக்கா?”

“அதை மட்டுந்தான் வெச்சிருக்கறேன்.”

“பொறவு என்ன? திரும்ப மாத்திக்கிடலாம்.”

“கோவம் இல்லீங்களா?”

“கோவம் இல்லாமயா? அஞ்சு மணி நேரம் உக்காந்திருக்க. அதுக்குக் கோவம்தான்.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “மொதல்லயும் இப்படித்தானுங்க. அன்னைக்கு நான் அந்தப் படியேறாம இருந்திருந்தா…”

“அது படியேறினதால இல்ல புள்ள. அன்னைக்கே டாக்டர் எங்கிட்ட சொன்னாவ. அந்தப் பிள்ளைக்கே உள்ள ஏதோ சரியில்லையாம். நீ படுத்தே கெடந்திருந்தாலும் நின்னிருக்காதாம். உங்கிட்ட சொல்லலாம்னா, பேச்சை எடுத்தாலே எந்திரிச்சுப் போயிருவ. இப்பம் எங்கயும் போக முடியாதுல்லா? கேட்டுக்கோ.”

உண்மைதான், எங்கும் போக முடியவில்லை. இரண்டு வருடம் நான் கேட்காமல் தப்பித்த பேச்சைப் படுத்தபடி முழுக்கக் கேட்டேன். பிறகு வாய்விட்டு அழுதேன். அவர் கர்ச்சீப்பைக் கொடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அழுதபின் இருந்த லேசு அதற்குமுன் எனக்குத் தெரிந்ததில்லை.

மறுநாள் மாலை நாலு மணிக்குப் பார்வையாளர் நேரம் ஆரம்பித்ததும் லேப்டாப்போடு வந்து நின்றார். நர்ஸ் முறைத்தாள். “அவ கையில குடுக்க மாட்டேங்க, நாந்தான் வச்சிருப்பேன்” என்று சத்தியம் செய்தார். ஸ்டூலைச் சுவரோரம் போட்டு, லேப்டாப்பை மடியில் வைத்து, நான் மிச்சம் வைத்திருந்த ஒரிஜினல்களில் ஒன்றைத் திறந்து வாசிக்க ஆரம்பித்தார். ஒரு ஜமீன் மாளிகையில் கொலை நடக்கிற பழைய துப்பறியும் கதை.

அந்த அறையில் மூன்று கட்டில். ஒன்றில் தேனிப் பக்கத்திலிருந்து வந்து டெய்லராக இருந்த பெண், சர்க்கரை கூடிப்போய்ச் சேர்ந்திருந்தாள். இன்னொன்றில் பிரிண்டிங் யூனிட்டில் வேலை செய்யும் ஒடிசாக்காரரின் மனைவி. அவளுக்கு நாலைந்து தமிழ்ச் சொற்களுக்குமேல் தெரியாது. இவர் முதலில் எனக்கு மட்டும் கேட்கும்படி மெல்ல வாசித்தார். இரண்டு பக்கம் போவதற்குள் தேனிக்காரி, “அண்ணே, கொஞ்சம் சத்தமா வாசிங்கண்ணே, எனக்கும் கேக்கட்டும்” என்றாள். அவர் குரலை உயர்த்தினார். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அந்தக் குரலை நானே அப்போதுதான் கேட்கிறேன். வாசிக்க வாசிக்க நெல்லை இழுப்பு வந்துவிட, ஜமீன்தாரே பாளையங்கோட்டைக்காரர் போலப் பேசினார். ஒடிசாப் பெண் நாங்கள் சிரிக்கும்போது சிரித்தாள், நாங்கள் வாயைப் பொத்தும்போது அவளும் பொத்தினாள்.

மூன்றாம் அத்தியாயத்தில் பிணம் கிடைத்தது. இவர் நிமிர்ந்து, “இது கணக்குப்பிள்ளை வேலை. கடைசிப் பக்கத்துல பிடிபட்டிருவான்” என்றார்.

அறை கொந்தளித்துவிட்டது. “ஐயோ அண்ணே, எதுக்குச் சொன்னீங்க?” என்று தேனிக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். “ஏனுங் மாப்ள, இப்படிப் பண்ணிப் போட்டீங்களே” என்று கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்த என் அம்மாவே சொல்லிவிட்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. மனுசன் இருநூறு புத்தகத்துக்கும் முதல் பக்கம், கடைசிப் பக்கம் பார்த்தவர். யார் கொன்றது, யாரைக் கட்டிக்கொண்டாள், எல்லாம் அத்துப்படி. ஏன், எப்படி என்று மட்டும் ஒன்றும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததைச் சொல்லக்கூடாது என்று மூன்று கட்டிலும் சேர்ந்து தடைபோட்டோம். ஆனால் கணக்குப்பிள்ளை ஏன் கொன்றான் என்பதில் எங்களைவிட அவர்தான் சிக்கிக்கொண்டார். அடுத்த நாளிலிருந்து மூன்றே முக்காலுக்கே கேட்டில் வந்து நிற்கிறார் என்று வாட்ச்மேன் வந்து சொன்னார்.

மூன்று வாரம் இப்படிப் போனது. ஐந்து மணிக்கு ரவுண்ட்ஸ் வரும் டாக்டரம்மா ஒரு நாள் வாசலிலேயே நின்று ஓர் அத்தியாயம் முடியும்வரை கேட்டுவிட்டு, “அப்ப சாவி யாருகிட்டங்க இருந்துச்சு?” என்று கேட்டார். அவர் கேட்டபின் பார்வையாளர் நேரம் ஆறரை வரை நீண்டுவிட்டது. நான் இடது பக்கமாகப் படுத்தபடி இவர் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடப்பேன். எழுந்து உட்காரலாம் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

முப்பத்தாறு வாரமும் இரண்டு நாளும் ஆன காலையில் அறுவை சிகிச்சை. முதுகில் ஊசி போட்டார்கள். எனக்கு நினைவிருந்தது. கத்தரிகள் தட்டில் விழும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு அழுகை. குறைமாதம் என்பதால் பூனைக்குட்டிபோல இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். இல்லை, நன்றாகவே கத்தினாள். “பொண்ணுங்க. சொன்ன மாதிரி எடுத்துக் குடுத்துட்டனுங்களா?” என்று டாக்டரம்மா முகத்துக்குப் பக்கத்தில் காட்டினார். நான் கன்னத்தை நீட்டி அவளைத் தொட்டேன்.

மறுநாள் காலையில் நர்ஸ் வந்தாள். “எந்திரிச்சு உக்காருங்க பாக்கலாம்” என்றாள்.

நான் பழக்கத்தில் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தலையாட்டினார். இவர் என் முதுகுக்குப் பின்னால் கை கொடுத்தார். தையல் உயிர் போக வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தேன். அம்மா குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னைப் படு என்று சொல்லவில்லை.